முங்கின கட்டை

மூக்கால மூச்சு விடுங்க டீச்சர். வாயால முடியாது, வாய் நிறைய பல் அச்சு எடுக்கற மாவு இருக்கு. ம், அப்படித்தான். தொண்டைக்குள்ள ஒண்ணும் போகாது, பயப்படாதீங்க, பின்னாடி மெழுகு வச்சு அடைச்சிருக்கேன். தலையக் கொஞ்சம் முன்னால சாய்ச்சுக்குங்க. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், எல்லாருக்கும் வரும். இது இறுகறதுக்கு நாலஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நான் பேசறேன், நீங்க கேளுங்க. முப்பது வருஷமா நீங்க பேசி மத்தவங்க வாய மூடிட்டுக் கேட்டாங்கல்ல, இன்னைக்கு உங்க முறை.

என்ன பாக்கறீங்க, அந்த பாட்டிலா? தெரியும். இந்த நாற்காலில உக்கார்ற எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. பல் செட்டு வரிசையா அடுக்கி வச்சிருக்கற அலமாரில ஜாம் பாட்டிலுக்கு என்ன வேலைன்னு. ரெண்டு பாட்டில் இருக்கு பாருங்க. ஒண்ணுல வெள்ளையா ஒரு கட்டை மிதக்குதா? டைஸ்தான். நாங்க வீட்டுல கட்டைன்னு சொல்லுவோம். இன்னொண்ணுல கட்டை இல்ல. அடியில மட்டும் பாதிப் பட்டாணி அளவுக்கு ஏதோ மினுக்குதா, அது உலோகத் துண்டு. அதுல ஒரு கட்டை இருந்துச்சு. பிங்க் கலர். என்னோடது. போன வாரம் வரைக்கும் இருந்துச்சு.

லூடோ ஆடறதுக்குச் செஞ்சது டீச்சர். சிரிக்காதீங்க, அச்சு ஆடிரும். ஜாம் பாட்டில் ரெண்டு, மெடிக்கல்ல வாங்கின கிளிசரின், மூடிய ஒட்டறதுக்குக் கொஞ்சம் பசை. அவ்வளவுதான் செலவு. பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் பாத்துட்டு, எம் பேத்திக்கும் ஒண்ணு செஞ்சு தாங்கன்னு கேட்டார். செஞ்சும் குடுத்தேன். ஒரு பழைய விளையாட்ட இவ்வளவு சுளுவா சரி பண்ணிட்டீங்களேன்னார். சரி பண்ணினேன்தான். என்னத்தச் சரி பண்ணினேன்னு அப்ப அவருக்குத் தெரியாது.

எங்கப்பாவுக்கு இல்லைன்னு சொல்ல வராது. நெசமாத்தான் சொல்றேன். யார் எது கேட்டாலும் பாக்கலாம்மா, பாக்கலாம்ப்பான்னுவார். ரெண்டு நாள்ல பல் செட்டு வேணும்னு கேட்டா அதுக்கும் பாக்கலாம்னுவார், மூணாம் நாள் திட்டு வாங்கறது எங்கம்மா. வீட்டுலயும் அதே கதைதான். ஜன்னலோரம் யார் படுக்கறது, பிளாஸ்டர் வாளிய யார் கழுவறது, அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வந்துட்டா அவர் வாயத் தொறந்து நீ செய்யின்னு சொல்லவே மாட்டார். லூடோ அட்டைய எடுத்துட்டு வந்து விரிச்சுடுவார். ஆடிப் பாத்துக்கலாம்னுவார். தோத்தவங்க வாளி கழுவணும், அதுக்கு மேல பேச்சே கிடையாது. அம்மா கூட திட்டுவா, ஏங்க, உங்க வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்கன்னு. அவர் சிரிச்சுட்டு அட்டைய மடிப்பார்.

கடையில வாங்கின கட்டை எங்கயோ தொலைஞ்சு போச்சு. எனக்கு அப்ப ஒன்பது வயசு. அப்பாவே செஞ்சு குடுத்தார். பல்லுக்கு ஊத்தற வெள்ளை பிளாஸ்டிக்ல அண்ணனுக்கு ஒண்ணு, ஈறுக்கு ஊத்தற பிங்க் பிளாஸ்டிக்ல எனக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே அச்சு, ஒரே அளவு. மூலையெல்லாம் மழமழன்னு தேச்சு, புள்ளி புள்ளியா குடைஞ்சு, கருப்பு வச்சு, அந்த மோட்டார் இருக்குல்ல, அதுல பாலிஷ் போட்டு. கண்ணாடி மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போய் எல்லார்கிட்டயும் காமிச்சேன், எங்கப்பா ஈறுல செஞ்சதுன்னு. ஒருத்தி வாந்தியே எடுத்துட்டா.

ஒரு சட்டம் வேற. அடுத்தவங்க கட்டையத் தொடக் கூடாது. அவங்கவங்க கட்டை அவங்கவங்க கையில. தொட்டா ராசி மாறிடும்னு அப்பாதான் சொன்னார். என்னென்னைக்கும் சண்டை வரக்கூடாதுன்னு அவர் போட்ட சட்டம்.

அதுவா? ஒண்ணுமில்ல டீச்சர், திரும்பாதீங்க. திரைக்குப் பின்னாடிதான் வீடு. டக்கு டக்குன்னு ஏதாவது கேட்டுட்டேதான் இருக்கும். நீங்க அசையாம இருங்க. இதோ ஆச்சு. நல்லாப் பெருசாத் திறங்க. ஒரு இழு இழுப்பேன், பிடிச்ச மாதிரி இருக்கும். ம், வந்துருச்சு. அருமையா வந்திருக்கு பாருங்க, உங்க மேல்தாடை. இந்தாங்க தண்ணி, கொப்பளிச்சுத் துப்புங்க. தாடையில ஒட்டியிருக்கறது தானா உரிஞ்சுரும். இப்ப கீழ்த்தாடை எடுக்கணும். நாக்க மேல தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப விட்டுருங்க.

எங்க விட்டேன்? ராசி.

நான் ஸ்கூல் முடிச்ச வருஷம் எங்கம்மா தவறிட்டாங்க. காய்ச்சல்னு படுத்தாங்க, பத்து நாள். அதே வருஷம்தான் எனக்கும் அண்ணனுக்கும் ரெண்டு பேருக்கும் வெளியூர்ல படிக்க இடம் கிடைச்சது. அவன் ஒரு வருஷம் வீட்டுல இருந்து திரும்ப எழுதினான், அதனால ஒண்ணா வந்துருச்சு. அவனுக்கு மெஷின் படிப்பு. எனக்குக் கட்டடம் வரையற படிப்பு. நான் நல்லா வரைவேன் டீச்சர். இந்த அறைய அளந்து வரைஞ்சு, அலமாரிய இந்தப் பக்கம் மாத்தினா வெளிச்சம் உங்க வாய்க்குள்ள விழும்னு சொன்னது நான்தான், பதினாறு வயசுல. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் விழுது.

ரெண்டு பேரும் போயிட்டா அப்பா தனி. பட்டறையப் பாத்துக்க ஒரு ஆள் வேணும், அவருக்கு ஒரு வாய் சாப்பாடு வேணும். யாராவது ஒருத்தர் இருக்கணும். அது எனக்கும் புரிஞ்சுது, அண்ணனுக்கும் புரிஞ்சுது. அப்பா ஒரு வாரம் ஒண்ணுமே சொல்லல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இதோ இந்த மேசைய ஈரத்துணியால தொடச்சுட்டு அட்டைய விரிச்சார். ஆடிப் பாத்துக்கலாம்னார். கட்டை ரெண்டையும் கொண்டு வந்து, அவனுதை அவன் கையில, என்னுதை என் கையில வச்சார்.

ஆறு விழுந்தாத்தான் காய் வெளிய வரும், தெரியும்ல. எனக்கு ஒண்ணு விழுந்துச்சு. அடுத்ததும் ஒண்ணு. அப்புறம் ஒரு மூணு, திரும்ப ஒண்ணு, ஒண்ணு, ஒரு ரெண்டு, ஒண்ணு. அண்ணனோட நாலு காயும் ஊரு சுத்திட்டு வீட்டுக்கே போயிருச்சு. என் நாலு காயும் வச்ச எடத்துல வச்ச மாதிரி உக்காந்திருக்கு. ஒண்ணு கூட வெளிய வரல. அண்ணனுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. வேணும்னா இன்னொரு ஆட்டம் போடலாமேன்னான். அப்பாதான், ஆட்டம்னா ஆட்டம்தான்ப்பான்னு சொல்லிட்டு அட்டைய மடிச்சார்.

அன்னைக்குச் சாயங்காலம் அவரே பாத்திரம் கழுவினார். என்னை ஒரு தட்டுகூடத் தொட விடல. தலையத் தடவிக் குடுத்தார். எவ்வளவு நல்ல அப்பான்னு நெனச்சுட்டு நான் அழுதேன். இப்ப நெனச்சா அவர் தடவின எடம் எரியுது.

அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுன்னே பேரு. அண்ணன்தான் வச்சான், விளையாட்டுக்கு. என்ன ஒண்ணு, எப்படி இருக்கேன்னுதான் இன்னைக்கும் போன்ல கேப்பான். எப்ப ஆடினாலும் எனக்கு ஒண்ணுதான் விழும். அம்மா இருந்த வரைக்கும் எல்லாரையும் போலத்தான் எனக்கும் விழுந்துட்டிருந்துச்சு. அம்மா போனப்புறம்தான் இப்படி. அதனால நான் என்ன நெனச்சேன்னா, அம்மா என் ராசியையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு. சிரிப்பா இருக்கும் உங்களுக்கு. ஆனா மனசுல அப்படி ஒண்ணு உக்காந்துருச்சுன்னா எந்திரிக்கவே எந்திரிக்காது டீச்சர். வரிசையில நின்னா, நம்ம முறை வரும்போது கவுண்டர மூடிருவான்னு நானே நெனச்சுப்பேன். புதுப் பல் செட்டு கைக்குக் கை குடுத்தா உடைஞ்சுரும்னு மேசையில வச்சுத்தான் தள்ளுவேன். என் கையால புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டேன். யார் வீட்டு நல்ல காரியத்துலயும் முன்னால போய் நிக்க மாட்டேன். யாரும் நிக்காதேன்னு சொல்லல. நானேதான்.

அந்த பாலிஷ் மோட்டார் ரிப்பேர் பண்ண ஒருத்தர் வருவார். நல்ல மனுஷன். மோட்டார் கெடாத மாசமும் வர ஆரம்பிச்சார். ஒரு நாள் என்கிட்ட நேராவே, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார். நான் அப்பாகிட்ட சொன்னேன். அவர் என்ன சொல்லியிருப்பார்? நீங்களே கண்ணால சொல்லுங்க. ஆமா. ஆடிப் பாத்துக்கலாம்மான்னார். அண்ணன் இல்லாததால அவன் வெள்ளைக் கட்டைய அவர் எடுத்துக்கிட்டார். நான் ஜெயிச்சா சரின்னு சொல்லிடலாம், தோத்தா இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு. மோட்டார்காரர் கொஞ்ச நாள் இல்ல, ஒரு வருஷம் பாத்தார். ஒவ்வொரு தடவையும் இன்னொரு ஆட்டம் ஆடறேன்னு நானே போய் உக்காந்தேன். ஒண்ணு. ஒண்ணு. கடைசியில என் ராசிய எதுக்கு அவர் தலையில கட்டணும்னு நானே வேண்டாம்னு சொல்லிட்டேன். அவருக்கு இப்ப ரெண்டு பொண்ணு. கடைத்தெருவுல பாத்தா தலையாட்டுவார்.

வலிக்குதா? கொஞ்சம் பொறுங்க, இன்னும் ரெண்டு நிமிஷம். எச்சில் வழிஞ்சா வழியட்டும், அதுக்குத்தான் துண்டு கட்டியிருக்கேன்.

போன வருஷம் அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துருச்சு. வேலை செய்ய முடியல, எல்லா வேலையும் நான்தான். ஆனா நாலு மணிக்கு லூடோ மட்டும் ஆடணும். அது இல்லைன்னா அவருக்குப் பொழுது போகாது. கட்டையக் கையில எடுத்தா அது பறக்கும். ஒரு தடவை பிளாஸ்டர் வாளிக்குள்ள விழுந்துச்சு. ஒரு தடவை மோட்டாருக்கு அடியில, ஒட்டடைக் கம்பு விட்டுத்தான் எடுத்தேன். இன்னொரு தடவை அவரே குனிஞ்சு தேடப் போயி நெத்தியில அடிபட்டுருச்சு. எனக்கு மனசு கேக்கல. பாவமா இருந்துச்சு டீச்சர், பொய் சொல்லல. அதான் யோசிச்சேன். கட்டைய பாட்டில்ல போட்டு மூடிட்டா அது எங்க பறக்கும்? அவர் பாட்டிலக் குலுக்கினாப் போதும். அவர் கை தானாவே குலுக்குது.

வெறும் பாட்டில்ல போட்டேன். கலகலன்னு ஒரே சத்தம், அவர் காது மெஷின் வேற கீன்னு கத்துச்சு. அப்புறம்தான் கிளிசரின் ஞாபகம் வந்துச்சு. அவர் உதட்டு வெடிப்புக்கு வாங்கினது பெரிய புட்டியா இருந்துச்சு. கெட்டியா இருக்கும், சத்தம் வராது, கட்டை மெதுவாத் திரும்பும், பாக்கவும் அழகா இருக்கும்னு. ரெண்டு பாட்டில், ரெண்டு கட்டை. அவர் உள்ள தூங்கிட்டிருந்தார். எந்திரிச்சதும் காமிச்சா சந்தோஷப்படுவார்னு அவசர அவசரமாச் செஞ்சேன்.

வெள்ளைக் கட்டைய விட்டேன். மிதந்துச்சு. பிங்க் கட்டைய விட்டேன். முங்கிருச்சு.

நீங்க கணக்கு டீச்சரா, சயின்ஸா? சயின்ஸா, அப்ப உங்களுக்கே புரிஞ்சுருக்கும். கண்ணு பெருசாகுது பாருங்க. ரெண்டும் ஒரே பிளாஸ்டிக், ஒரே அளவு. வருஷம் பூரா கையில பிசையற சாமான் அது, எனக்குத் தெரியாதா அதோட எடை? ஒண்ணு மிதக்குது, ஒண்ணு முங்குது. எடுத்துட்டுத் திரும்ப விட்டேன். நேரா அடியில போய் உக்காந்துச்சு. ஒண்ணு மேல. பாட்டிலக் குலுக்கினேன். அது சாவகாசமாப் புரண்டு, திரும்பி, ஒண்ண மேல காட்டிட்டு உக்காந்துச்சு. முப்பது தடவை குலுக்கியிருப்பேன். அடுப்புல வச்ச பால் பொங்கி வழிஞ்சு கருகற வாசனை வந்தப்புறம்தான் நிறுத்தினேன்.

இருங்க, இதையும் எடுத்துடறேன். திறங்க. ம். வந்துருச்சு. கொப்பளிங்க.

என்ன? ஆமா, வெளிச்சத்துல வச்சு லென்ஸ் போட்டுப் பாத்தேன். ஆறு இருக்கற பக்கம், ஒரு புள்ளியோட குழிய ஆழமாத் தோண்டி, உள்ள உலோகத்த வச்சு, மேல பிங்க் பிளாஸ்டிக் பொடியக் குழைச்சு அடைச்சிருக்கு. தேச்சு பாலிஷ் போட்டிருக்கு. கனத்துக்கு ஆறு அடியில போயிரும், எதிர்ப்பக்கத்து ஒண்ணு மேல வந்துரும். வேற யாரு கண்ணுக்கும் தெரியாது. அவ்வளவு நேர்த்தி. எங்கப்பா தொழில்ல கெட்டிக்காரர். ஆனா அந்த அடைச்ச எடத்து பிங்க் ஒரு பொட்டு நிறம் கம்மி. பழைய பொடி கொஞ்சம் செவப்பா இருக்கும், அந்தக் கம்பெனிய மூடிட்டாங்க, அப்புறம் வந்தது வெளிறின பிங்க். அந்தப் புதுப் பொடி எங்க பட்டறைக்கு முதல்ல வந்தது எப்பன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்கம்மா தவறி ஒரு மாசம் கழிச்சு. டப்பாவ நான்தான் பிரிச்சேன். அம்மா இருந்திருந்தா இந்த டப்பாவ அரிசி போட வச்சிருப்பாங்கன்னு சொல்லி அழுதேன். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் அந்த ஆட்டம்.

அந்த ஒரு வாரம் ஒண்ணுமே சொல்லலன்னேன்ல. அப்ப அவர் பட்டறையில இதைத்தான் செஞ்சுட்டு இருந்திருக்கார்.

இந்தாங்க, இதைக் கடிச்சுக்குங்க. மெழுகுதான், சூடு இருக்காது. மேலயும் கீழயும் எப்படிச் சேருதுன்னு பாக்கணும். மெதுவா வாய மூடுங்க. அப்படியே வச்சுக்குங்க, பேசக் கூடாது. பேசணும்னு துடிக்கறீங்க, தெரியுது. இருங்க.

நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். பாவம், பொண்டாட்டி போன மனுஷன், தனியா இருக்கப் பயந்திருப்பார்னு. ஆமா, பயந்திருப்பார். இரும்மா, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன் டீச்சர். கட்டையே வேண்டாம், அட்டையே வேண்டாம். காலேஜ்ல இடம் கிடைச்ச லெட்டர என் கையாலயே அடுப்புல போட்டுட்டு வந்து இந்த நாற்காலியத் தொடச்சிருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். கேக்கல. இருபத்தாறு வருஷம் என்னை ராசியில்லாதவள்னு நம்ப விட்டார். நான் வரிசையில கடைசியில போய் நிக்கறதப் பாத்தார். மோட்டார்காரர வேண்டாம்னு சொல்லிட்டு வந்து அழுததப் பாத்தார். பாத்துட்டு நாலு மணியானா அட்டைய விரிச்சார். படிப்பு போனது கூட எனக்குப் பெருசில்ல. என்னைப் பத்தி நானே கேவலமா நெனச்சுட்டுத் திரிஞ்சேன் பாருங்க, அதுக்குத்தான் அவர விட மாட்டேன்.

சண்டை போடல. ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு நாலு மணிக்கு அட்டைய விரிச்சேன். இது புது ஏற்பாடுப்பா, இனிமே கட்டை கீழ விழாதுன்னு சொல்லி, பிங்க் பாட்டில அவர் கையில குடுத்தேன். வெள்ளைய நான் எடுத்துக்கிட்டேன்.

பாத்தார். குலுக்கினார். கட்டை எறங்கி உக்காந்துச்சு. ஒண்ணு. திரும்பக் குலுக்கினார், ஒண்ணு. என் மூஞ்சியப் பாத்தார். நான் அட்டையப் பாத்துட்டு, என் முறைப்பான்னேன். எனக்கு ரெண்டாவது தடவையே ஆறு விழுந்துச்சு டீச்சர். அந்தக் காய எடுத்து வெளிய வச்சப்ப என் உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. நாப்பத்து நாலு வயசு எனக்கு.

அப்புறம் தினம் ஒரு ஆட்டம். எல்லாத்துக்கும் ஆட்டம். ஜன்னலோரத்து சாய்வு நாற்காலி யாருக்கு? ஆடிப் பாத்துக்கலாம்ப்பா. நாற்காலி எனக்கு. சாயங்காலம் ரேடியோ யார் கேக்கறது? எனக்கு. டீல ரெண்டு ஸ்பூன் சக்கரையா, அரையா? அரை. அவர் சிநேகிதர் வீட்டுக்கு ரிக்‌ஷா வச்சுப் போகணுமா? போக வேண்டாம்னு விழுந்துருச்சுப்பா, உங்க ராசி அப்படி. மூணு வாரம். ஒரு ஆட்டம் கூட அவர் காய் வெளிய வரல. ஒரு நாள் கூட என்னம்மா இது, கட்டைய மாத்தும்மான்னு அவரால கேக்க முடியல. கேட்டா ஏன்னு நான் கேப்பேன்ல. அதுக்கு பதில் சொல்லணும்ல. ஒவ்வொரு தடவை அவர் பாட்டிலக் குலுக்கும்போதும் நான் அவர் வாயையே பாத்துட்டு இருப்பேன். இப்ப சொல்லுவார், இதோ சொல்லுவார்னு. சந்தோஷமா இருந்துச்சான்னா, இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு.

அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். எடுத்த எடுப்புல, என் கட்டையில ஒண்ணும் இல்லையேன்னு கேக்கறான். அதான் அவன் கவலை. உன் கட்டை மிதக்குதுடா, நீ வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போ, நான் வேலைக்குப் போறேன்னேன். பெரிய ஊர்ல ஒரு பல் பட்டறை, பன்னண்டு பேர் வேலை பாக்கறாங்க. அறையோட வேலை. ஜன்னல் எந்தப் பக்கம்னு கூடக் கேட்டு வரைஞ்சு பாத்துட்டேன். அண்ணன், அப்பா தன் வாயால வர்றேன்னு சொல்லட்டும், கூட்டிட்டுப் போறேன்னான்.

அப்பாகிட்ட போனேன். நான் போகட்டுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்கன்னு கேட்டேன். நீங்க சொல்லுங்கன்னு அழுத்திக் கேட்டேன். அவர் என்ன பண்ணினார் தெரியுமா? எந்திரிச்சுப் போய் அட்டைய எடுத்துட்டு வந்தார். அவரே பிங்க் பாட்டில எடுத்துத் தன் பக்கம் வச்சுக்கிட்டார். வெள்ளைய என் பக்கம் தள்ளினார். நான் ஜெயிச்சா நான் போகலாம்னு அர்த்தம்.

தலைய ஆட்டறீங்க. அது மன்னிப்பு கேக்கற மாதிரிதானேம்மா, தெரிஞ்சே தோத்தாரேன்னு சொல்ல வர்றீங்க. பக்கத்துக் கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். இல்ல டீச்சர். இருன்னு சொல்லவும் அவருக்கு வாய் வரல, போன்னு சொல்லவும் வாய் வரல. அன்னைக்கும் கட்டை, இன்னைக்கும் கட்டை. நான் கேட்டது ஆட்டம் இல்ல. நான் கேட்டது அவர் வாய்.

மறுநாள் காலையில அவரோட பல் செட்டக் கழுவும்போது கை நடுங்கிக் கீழ போட்டுட்டார். மேல் செட்டு, நடுவுல பிளந்துருச்சு. சின்னத் துண்டு ஒண்ணு செதறிக் காணாமப் போச்சு. மேல்வாய் அண்ணத்துல படுற எடம். ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வந்து நின்னார், ஒட்டிக் குடும்மான்னு. பல்லு இல்லாம அந்த வார்த்தையும் கொழகொழன்னு வந்துச்சு. வச்சுட்டுப் போங்கப்பான்னேன்.

பிங்க் கட்டைய பாட்டில்ல இருந்து எடுத்தேன். அந்த உலோகத்தத் தோண்டி எடுத்துட்டேன், அது வாய்க்குள்ள போகக் கூடாது. தொழில்ல நான் தப்பு பண்ண மாட்டேன். ஒண்ணு இருக்கற பக்கத்த மட்டும் மெல்லிசா அறுத்தேன். செதறிப் போன எடத்துல வச்சேன், சுத்தி பிங்க் ஊத்தினேன், வேக வச்சேன், தேச்சேன். பாலிஷ் போட்டு வெளிச்சத்துல பாத்தா ஒட்டுப் போட்டதே தெரியல. பழைய செவப்பு பிங்க், அவர் செட்டும் அதே காலத்துது, நிறம் அச்சா சேந்துருச்சு. அந்த ஒரு புள்ளிக் குழி மட்டும் இருக்கு. அதை நான் அடைக்கல. நாக்கு படுற பக்கமா வச்சேன்.

சரி, மெழுகத் துப்புங்க. ஆச்சு. இனி பேசலாம்.

அவருக்குத் தெரியும் டீச்சர். போட்ட உடனே தெரிஞ்சுருச்சு. வாய்க்குள்ள விரல விட்டுத் தடவிப் பாத்தார். என்னைப் பாத்தார். பத்திரமா இருக்காப்பான்னு கேட்டேன். தலையாட்டினார். இன்னையோட அஞ்சு நாள் ஆச்சு. சாப்பிடறப்பவும் அதான், சும்மா இருக்கறப்பவும் அதான். நாக்கு சும்மா இருக்காதுல்ல, குழி எங்க இருக்கோ அங்கதான் போகும். போய்த் தள்ளும்போது செட்டு எறங்கி ஏறும். டக்குன்னு ஒரு சத்தம். அதான் நீங்க வந்ததுல இருந்து திரும்பித் திரும்பிப் பாக்கறீங்களே, அந்தச் சத்தம்.

ஐயோ, மெதுவாப் பேசி என்ன ஆகப் போகுது. காது மெஷின நான்தான் காலையில பேட்டரி மாத்தி மாட்டி விட்டேன். உங்களுக்காகவா சொல்லிட்டிருந்தேன்னு நெனச்சீங்க? இந்த வாரம் உங்களுக்கு முன்னாடி ஒன்பது பேர் இந்த நாற்காலில உக்காந்தாங்க. எல்லார் வாயிலயும் மாவு. எல்லார்கிட்டயும் முதல்ல இருந்து சொல்லியிருக்கேன். திரைக்கு அந்தப் பக்கம், கட்டில இழுத்து இப்படித் தலைமாடு வர்ற மாதிரி போட்டிருக்கேன்.

சொன்னா என்ன பண்ணுவேனா? ஆமாம்மா, நான்தான் பண்ணினேன்னு அவர் வாயால சொன்னாரா? சொன்னா கழட்டிக் குடுங்கப்பான்னு வாங்கி, அந்தத் துண்ட அறுத்து எடுத்துட்டு வேற பிங்க் ஊத்தித் தந்துருவேன். இருபது நிமிஷ வேலை.

அப்பா, கேட்டுச்சா? டீச்சர் கேக்கறாங்க. இருபது நிமிஷ வேலைதான்.

கேட்டீங்கல்ல. டக். அவ்வளவுதான் வரும். துண்ட அவுத்துக்குங்க டீச்சர், தாடையில இன்னும் கொஞ்சம் மாவு இருக்கு, இந்தப் பக்கம். உங்க செட்டு செவ்வாய்க்கிழமை ரெடியாயிரும், அதுல ஒண்ணும் வைக்க மாட்டேன், பயப்படாம வாங்க. அப்பா வாயால நேர்லயே கேட்டுக் கூட்டிட்டுப் போக அண்ணன் கார் எடுத்துட்டு வியாழக்கிழமை வர்றான். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.